இரவு வேட்டையில் விளக்கும் இரவுக்காட்சிக் கருவியும்: தென்னாப்பிரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கடற்கரையில், வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் பக்கங்களில் கரும்பு பயிரிடும் நம் குடும்பங்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை புதிதல்ல. இருட்டிய பின் கூட்டமாக இறங்கி, தின்பதைவிட அதிகமாக முறித்துப் போட்டுவிட்டுச் செல்லும் அந்த விலங்கைத் தடுக்க, இப்போது பலர் வெப்பப் படக் கருவிகளையும் இரவுக்காட்சித் தொலைநோக்கிகளையும் வாங்குகின்றனர். பயிரை இழந்தவரின் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தோடு சட்டம் அறியாமல் வயலில் இறங்குவது, பன்றி செய்யும் சேதத்தைவிடப் பெரிய சேதத்தைக் குடும்பத்துக்குக் கொண்டுவரக்கூடும்.

கடையில் தடையின்றி விற்கும் கருவியை வேட்டைக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்யும் ஆயுதங்களின் பட்டியலில் இரவுக்காட்சிக் கருவி இல்லை. அதை வைத்திருப்பது குற்றமன்று. எந்த விலங்கை, எந்த நேரத்தில், எந்த முறையில் வேட்டையாடலாம் என்பதை முடிவு செய்பவை வேறு சட்டங்கள். அவையும் மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடும். குவாசுலு-நட்டாலில் 1974ஆம் ஆண்டின் 15ஆம் எண் இயற்கைப் பாதுகாப்பு ஆணையும், லிம்போபோவில் 2003ஆம் ஆண்டின் சட்டமும், வட கேப்பில் 2009ஆம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஆகவே லிம்போபோவில் பண்ணை வைத்திருக்கும் உறவினர் தம் அனுபவத்தில் சொல்லும் யோசனை அங்கே சரியாக இருந்தாலும், இங்கே வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

"வெப்பக் கருவி ஒளியை வீசுவதில்லை; எனவே செயற்கை விளக்கைக் கொண்டு வேட்டையாடக் கூடாது என்ற தடை அதற்குப் பொருந்தாது" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம். இதை நம்பி யாரும் வயலில் இறங்க வேண்டாம். விளக்கைக் குறித்த விதி ஒன்று. இருட்டிய பின் வேட்டையாடுவதையே கட்டுப்படுத்தும் விதி மற்றொன்று. முதலாவதிலிருந்து தப்பினாலும் இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது. மேலும், பல இரவுக்காட்சிக் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசியே வேலை செய்கின்றன. மனிதக் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதால் அது விளக்கு அல்லாததாகிவிடாது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, விலங்கை உறுதியாக அடையாளம் காணாமல் சுடுவது. வெப்பப் படக் கருவி உடற்சூட்டின் வடிவத்தைக் காட்டும். தோலின் நிறத்தையும் புள்ளிகளையும் காட்டாது. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கேரகல் பூனையும், எலி பிடித்து உழவருக்கு நன்மையே செய்யும் செர்வல் பூனையும் தொலைவில் ஏறக்குறைய ஒரே வெள்ளை உருவமாகத் தெரியலாம். செர்வலும், இரவில் மேய வரும் ரீட்பக் மானும் 2007ஆம் ஆண்டின் அழிவுறும் மற்றும் பாதுகாக்கப்பட்ட இனங்கள் குறித்த விதிகளில் இடம்பெற்றவை. அவ்விதிகள், பட்டியலிட்ட விலங்குகளைத் தேடுவிளக்கின் துணையோடு வேட்டையாடுவதைச் சில விதிவிலக்குகள் நீங்கலாகத் தடை செய்கின்றன. 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் இத்தகைய குற்றத்துக்கு 1 கோடி ரேண்ட் வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை ஒருபுறமிருக்க, வரப்போரமாக வீடு திரும்பும் தொழிலாளியும் அதே கருவியில் ஒரு வெள்ளை உருவம்தான். குண்டு எங்கே சென்று நிற்கும் என்று தெரியாத இடத்தில் விசையில் விரல் வைப்பதை எந்த அனுமதியும் நியாயப்படுத்தாது.

பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கு என்ற காரணத்தால் அனுமதி பெற்றவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. அந்த அனுமதி ஒரு குறிப்பிட்ட இனத்துக்கும் நிலத்துக்கும் காலத்துக்கும் முறைக்கும் உரியது. பன்றிக்குப் பெற்ற அனுமதியோடு நரியைச் சுடுவதும், தம் நிலத்துக்குப் பெற்றதைக் கொண்டு பக்கத்து நிலத்தில் நுழைவதும் அனுமதியில்லா வேட்டையே. விளக்கோ இரவுக்காட்சிக் கருவியோ பயன்படுத்தப் போவதாக இருந்தால், விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டு, மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்தின் பதிலை எழுத்தில் பெற வேண்டும். வேலி, காவல் போன்ற வழிகளை முன்பே முயன்றதற்கான விவரத்தையும் சேதத்தின் படங்களையும் இணைப்பது நல்லது.

துப்பாக்கியைக் காவலாளியிடமோ மைத்துனரிடமோ கொடுத்துவிட்டு வீட்டில் உறங்கப் போவது நம்மிடையே இன்னும் நடக்கிறது. தனிப்பட்ட உரிமம் பெற்ற துப்பாக்கியை மற்றொருவர் பயன்படுத்த வேண்டுமானால், உரிமதாரர் உடனிருந்து நேரடியாக மேற்பார்வையிட வேண்டும் என்பதே சட்டம். பொதுச் சாலையில் வண்டியை நிறுத்தி, சன்னல் வழியாக விளக்கடித்துச் சுடுவதையும் அறவே விட்டுவிட வேண்டும். பிறர் நிலத்தில் இறங்குவதானால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியையும், மாகாண அனுமதிச் சீட்டையும், துப்பாக்கி உரிமத்தையும் அன்றிரவு கையிலேயே வைத்திருக்க வேண்டும்.