இரண்டு கடும்பச்சையில் எந்தப் பச்சை?

அறைச் சுவருக்குப் பெயின்ட் எடுக்கப் போனால், கலர் கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் இரண்டு கடும்பச்சைகள். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து மூடுபனியில்தான் வித்தியாசம் வெளியே வரும். அதனால் முடிவை வீட்டில் எடுங்கள்.

1. கார்டுகளை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். ஒன்றில் லேசாக நீலம் ஓடும், மற்றதில் மஞ்சள். பின்பக்கம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருந்தால் கவனியுங்கள். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது: 0 கறுப்பு, 100 வெள்ளை. ஒன்று 6, மற்றது 8 என்றால் எண்ணை மறந்துவிடலாம். 6, 14 என்றால் சின்ன ஜன்னல் அறைக்கு 14தான்.

2. இரண்டிலும் கிடைக்கிற ஆகச் சிறிய டின் வாங்குங்கள். சுவரில் பூச வேண்டாம், பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். ஏ3 அளவு வெள்ளை அட்டை இரண்டில், அட்டைக்கு ஒரு பச்சையாக, இரண்டிரண்டு கோட். முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஈரத்தில் வெளிறித் தெரியும் இமல்ஷன் (தண்ணீரில் கரையும் சுவர் பெயின்ட்) காய்ந்ததும் கறுக்கும். டின்னில் போட்டிருக்கும் நேரம் நம்ம ஊர் ஈரத்துக்கு எழுதியதல்ல. ஓர் இரவு விடுங்கள். அடுப்படியில் காயவைத்துப் புகை படிந்தால், நிறம் பார்த்த மாதிரிதான்!

3. இனி அட்டைகளோடு அறையைச் சுற்றுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் உள்ள சுவர், இருட்டு மூலை. வடக்கு பார்த்த அறையில் வெயில் படாது என்ற வெளிநாட்டுக் குறிப்பை இங்கே கொண்டுவர வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்கில்தான். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. தேயிலைச் சரிவு என்றால் வெயிலில் பச்சை வெளிச்சம் உள்ளே வரும். பனி இறங்கியதும் அதே ஜன்னல் சாம்பல். அப்போது நீலம் ஓடும் பச்சை சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிடும். மஞ்சள் ஓடுவது பச்சையாகவே நிற்கும்.

பொழுது சாய்ந்ததும் பல்பைப் போடுங்கள். 2700 கே (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்) மஞ்சள் பல்பும் 6500 கே வெள்ளை பல்பும் ஒரே அட்டையை இரண்டு நிறமாகக் காட்டும். உங்கள் அறையில் எரிவது எதுவோ, அதில் பாருங்கள். பெயின்ட் பாஸிடம் கேட்டால் "ரெண்டும் ஒன்னுதாங்க" என்பார்; பூசப்போகிறவருக்கு ஒன்றுதான், இருக்கப்போகிறவருக்கு அல்ல.

4. அந்த அறையில் அதிகம் இருக்கிற நேரம் எது? அந்த நேரத்தில் பிடித்ததை எடுங்கள். சாயங்காலமும் பனியும் என்றால் நான் மஞ்சள் பக்கம்தான்.

5. சுவரில் ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பு கடும் நிறத்தில் பளிச்சென்று தெரியும். தேவையான பெயின்ட் முழுவதையும் ஒரே தடவையில் கலக்கி வாங்கி, டின்களை ஒரு வாளியில் ஒன்றாக ஊற்றிக் கிளறிய பிறகு பூசுங்கள். மிச்சத்தைப் போத்தலில் அடைத்து, நிற எண்ணை அதன்மேல் எழுதி வையுங்கள்.