குடும்பத்தில் கிட்னி நீர்க்கட்டி இருக்கிறதா? முதலில் பிரஷரைப் பாருங்கள்

பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ள வீடுகளில், தஞ்சாவூரோ மன்னார்குடியோ திருவாரூரோ, எல்லாரும் கேட்பது "கிரியாட்டினின் எவ்வளவு?" என்றுதான். ஆனால் சிறுநீரகம் கெடும்போது ரத்தத்தில் கூடும் அந்தக் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்த நோய் இதயத்திலும் ரத்தக் குழாயிலும் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். சிறுநீரகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேருக்கு மேல் பிரஷர் வந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் முப்பது வயதையொட்டி. அந்த வயதில் யார் பிரஷர் பார்க்கிறார்கள்?

ஏன் இப்படி என்றால், கட்டிகள் பெரிதாகப் பெரிதாக பக்கத்திலிருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கும். அந்த இடத்துக்கு ரத்தம் குறைந்ததும், உடம்பிலேயே ரத்தம் போதவில்லை என்பதுபோல சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அதனால் பிரஷர் ஏறும். கடைமடை வாய்க்கால் தூர்ந்து கிடக்க, தண்ணீர் வரவில்லை என்று தலைமடையில் மதகை இன்னும் தூக்குகிற கதைதான். இது போதாதென்று, இந்த நோயில் பழுதாகும் பிகேடி1, பிகேடி2 மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கின்றன. அதனால்தான் இதயச் சுவர் தடிப்பது, இதயத்தின் மைட்ரல் வால்வு தொய்வது, மூளை ரத்தக் குழாய் புடைப்பது எல்லாம் இதோடு சேர்ந்து வருகிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் ஒரு தாளை எடுத்து குடும்பத்தை எழுதுங்கள். யாருக்கு டயாலிசிஸ், யாருக்குச் சின்ன வயதில் பிரஷர், யாருக்குப் பக்கவாதம். இதில் ஒரு ஆளைத் தவறாமல் தேட வேண்டும்: "தலை வலிக்குதுன்னு படுத்தார், அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்று பெரியவர்கள் சொல்லும் அந்தச் சித்தப்பாவோ அத்தையோ. அது மூளையில் புடைப்பு வெடித்ததாக இருக்கலாம், இப்படி ஒருவர் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பொதுவாக இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்தப் புடைப்பு இருக்கிறது, குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். மூளை ரத்தக் குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோகிராம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், மருந்து ஏற்றாமலே எடுக்க முடியும். எல்லாருக்கும் தேவையில்லை, குடும்ப வரலாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று மாமன் வீட்டையும் அத்தை வீட்டையும் பழி சொல்லாதீர்கள். பெரியவர்களிடம் பரவலாகக் காணும் இந்த வகைக்கு, தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, ஆணும் பெண்ணும் ஒன்றுதான்.

அடுத்தது, கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதாகப் பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். முதுகு சாய்த்து, கால் தரையில் பட உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை. காலையில் மாத்திரைக்கு முன்னால், மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு வாரம் நோட்டில் எழுதிக் காட்டினால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமும் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. 2014-ல் வெளியான ஹால்ட்-பிகேடி ஆய்வில், ஐம்பது வயதுக்குட்பட்ட, சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருந்தவர்களுக்கு 110/75 வரை குறைத்தபோது, 130/80-ஐ ஒட்டி விட்டவர்களைவிடச் சிறுநீரகம் மெதுவாகத்தான் பெரிதானது, இதயத் தடிப்பும் நன்றாகக் குறைந்தது. தலைசுற்றல் மட்டும் கூடுதலாக இருந்தது. இதற்கு முதலில் தருவது ரெனின் சங்கிலியைத் தடுக்கும் மாத்திரைகள், டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி. கர்ப்பத்தில் இவை குழந்தையைப் பாதிக்கும், அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிவிட வேண்டும். பிரஷர் இருந்தாலோ, படபடப்பு வந்தாலோ இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டில் உப்புதான் எதிரி, ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு, பழைய சோற்றுக்கு மோர் மிளகாயும் நார்த்தங்காயும், மதியம் அப்பளமும், நாகப்பட்டினம் கருவாடும் என்று போனால் கணக்கு எங்கே நிற்கும்? இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், மேலே சொன்ன மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. வாழைத்தண்டுச் சாறு கட்டியைக் கரைக்காது. நடவு முடிந்து இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக் வாங்கிப் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அது பிரஷரையும் ஏற்றும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பீடி, சிகரெட் மூளைப் புடைப்பை வெடிக்க வைக்கும் காரணங்களில் ஒன்று.

வாழ்க்கையிலேயே வராத மாதிரி திடீரென்று மண்டை பிளக்கும் வலி, வாந்தி, கழுத்து இறுக்கம், ஒரு கண் இமை தொங்குவது, மயக்கம் வந்தால் மாத்திரை தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏறியதுமே "குடும்பத்தில் கிட்னி நீர்க்கட்டி நோய் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. ஐந்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரஷர் பாருங்கள், சின்னக் கைக்கு ஏற்ற சின்னப் பட்டை உள்ள இடத்தில்.