ஜப்பானிய ஆர்பிஜி கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பத்து மணி நேரத்தில் முடிகிற கேமுக்கு எழுதுவது வேறு, டிராகன் குவெஸ்ட் 11, பெர்சோனா 5 ராயல் மாதிரி கேம்களுக்கு எழுதுவது வேறு. எண்பது, நூறு மணி நேரம் விளையாடிவிட்டு எழுத உட்காரும்போது, தொடக்கத்தில் எது பிடித்தது, எது சலித்தது என்பதெல்லாம் மறந்திருக்கும். அதனால் ஜேஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி நீண்ட கதையை வாழ்கிற ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்) விமர்சனத்தில் பாதி வேலை விளையாடும்போதே நடக்க வேண்டும்.

1. எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்

ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் வருவது இங்கே வழக்கம். டிராகன் குவெஸ்ட் 11 ஜப்பானில் 2017இல் வந்தது. அதில் குரல் நடிப்பே கிடையாது. 2018இல் மேற்கு நாடுகளுக்குப் போனபோது ஆங்கிலக் குரல் சேர்ந்தது. 2019இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த ‘எஸ்’ பதிப்பில் ஜப்பானியக் குரலும் ஆர்கெஸ்ட்ரா இசையும் இருக்கின்றன. ‘இசை காதைக் குத்துகிறது’ என்று பதிப்பைச் சொல்லாமல் எழுதினால், ‘எஸ்’ வாங்கியவருக்கு ஒன்றும் புரியாது.

2. குறிப்பு எடுங்கள்

இதற்கு நான் சிபாரிசு செய்வது சாதாரண நோட்டுப் புத்தகம்தான். போனை எடுத்தால் கவனம் வேறெங்கோ போய்விடும். சேவ் செய்யும்போதெல்லாம் கேம் காட்டுகிற நேரத்தை எழுதி, பக்கத்தில் ஒரே வரி: ‘12 மணி: இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது’. இவ்வளவு போதும். திரையைப் படம் பிடிக்க, கணினியில் ஸ்டீம் வழியாக விளையாடினால் எஃப்12 விசை, ஸ்விட்சில் இடது கன்ட்ரோலரில் இருக்கும் சதுரப் பொத்தான்.

3. சண்டையைப் பற்றி எழுதும்போது

‘டர்ன் பேஸ்டு (நீங்களும் எதிரியும் முறை வைத்து மாறி மாறி அடிக்கும் சண்டை), நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவதில் பயனில்லை. ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, முறை எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள்.

பெர்சோனா 5இல் எதிரியின் பலவீனத்தில் அடித்தால் அது விழும், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லா எதிரிகளும் விழுந்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாயலாம். ஷின் மெகாமி டென்செய் 3 நாக்டர்னும் அதே அட்லஸ் நிறுவனத்தின் கேம்தான், 2003இல் வந்தது. அதிலும் பலவீனத்தில் அடித்தால் லாபம் உண்டு. ஆனால் அடி தவறினாலோ எதிரியிடம் எடுபடாமல் போனாலோ இரண்டு முறைகள் பறிபோகும். எதிரி அதைத் திருப்பி அனுப்பினாலோ உறிஞ்சிக்கொண்டாலோ மிச்சமிருக்கும் எல்லா முறைகளும் காலி. எதிரிக்கும் இதே சட்டம்தான். ஏறக்குறைய ஒரே யோசனை. ஒன்று தைரியம் கொடுக்கிறது, மற்றது ஒவ்வொரு பொத்தானுக்கும் யோசிக்க வைக்கிறது. வாசகருக்குச் சொல்ல வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

4. கேம் எங்கே முடிகிறது?

பலரும் சறுக்கும் இடம் இது. கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடினால் கேம் முடிந்தது என்று அர்த்தமில்லை. நியர்: ஆட்டோமேட்டா (2017) நல்ல உதாரணம். முதல் முடிவு வந்த பிறகு மறுபடி தொடங்கினால், அதே கதையை வேறொரு பாத்திரத்தின் கண் வழியாக விளையாடுவீர்கள். அதற்கும் பிறகுதான் கதை உண்மையிலேயே முன்னே நகர்கிறது. முக்கியமான முடிவுகள் ஏ முதல் ஈ வரை ஐந்து. ஏ-யோடு நிறுத்தி எழுதப்படும் விமர்சனம் கேமின் முன்னுரைக்குத்தான் விமர்சனம். டிராகன் குவெஸ்ட் 11இலும் பட்டியல் ஓடிய பிறகு ஒரு முழு பாகம் காத்திருக்கிறது.

பெர்சோனா 5 ராயலில் நிலைமை இன்னும் சிக்கல். பழைய பெர்சோனா 5இல் இல்லாமல் ராயல் புதிதாகச் சேர்த்த மூன்றாவது பள்ளிப் பருவம் தானாகத் திறக்காது. ஆலோசகர் மாருகியுடனான நட்பை, கேம் நாட்காட்டியில் நவம்பர் 18க்குள் ஒன்பதாம் நிலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். விட்டுவிட்டால் கேம் வழக்கம்போல முடிந்துவிடும். எதையோ தவறவிட்டோம் என்றே தெரியாது. கதை ரகசியங்களை நான் பொதுவாகச் சொல்வதில்லை, இந்தத் தேதியை மட்டும் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

அதனால் இப்படி நாட்காட்டி உள்ள கேமில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் தனி ஸ்லாட்டில் (சேவ் வைக்கும் தனி இடத்தில்) சேவ் செய்யுங்கள். ஒரே ஸ்லாட்டில் மேலெழுதவே வேண்டாம். அப்புறம், விளையாடத் தொடங்கும் முன்பே ‘இந்த கேமில் தவறவிடக்கூடிய முடிவு இருக்கிறதா’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். காரணத்தைப் படிக்காதீர்கள், தேதியும் நிபந்தனையும் போதும்.

5. எழுதுங்கள்

கதையில் முதல் கால்வாசியைத் தாண்டி எதையும் சொல்ல வேண்டாம். அதற்கு மேல் சொல்லியே ஆக வேண்டுமென்றால் உணர்வைச் சொல்லுங்கள், சம்பவத்தை விடுங்கள். மதிப்பெண் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. முதல் இருபது மணி நேரம் இழுத்து, கடைசி நாற்பதில் பறக்கிற கேமுக்கு எந்த எண்ணைப் போடுவது? அந்த ஏற்ற இறக்கத்தை நோட்டில் இருக்கும் நேரக் குறிப்புகளோடு அப்படியே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை

‘முடிக்க நேரமில்லை, பாதியில் எழுதலாமா?’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, ஜப்பானியக் குரலா ஆங்கிலக் குரலா என்பது. என் விருப்பம் ஜப்பானியக் குரல். ஆனால் சண்டை நடுவே பாத்திரங்கள் பேசிக்கொள்வதற்குச் சில கேம்களில் எழுத்து வராது. வந்தாலும் அடிதடிக்கு நடுவில் படிக்க முடியாது. அப்படிப்பட்ட கேம்களில் ஒரு மணி நேரமாவது ஆங்கிலக் குரலில் விளையாடிப் பார்த்துவிட்டு, இரண்டைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள்.