கறி உருண்டை சூப் கெடுவது எங்கே?

கறி உருண்டை சூப்புக்குப் பெரிய சாமான் பட்டியல் எதுவும் தேவையில்லை. அரை கிலோ கொத்துக்கறி, வெங்காயம், கேரட், மிளகு, உப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தால் நான்கு பேருக்குப் போதும். ஆனாலும் பல வீடுகளில் உருண்டை ரப்பர் பந்து மாதிரியும், சூப் சாம்பல் நிறத்தில் கலங்கலாகவும் வந்துவிடுகிறது. உடனே மசாலாவை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு மசாலாவில் இல்லை. பிசைந்த கையிலும் அடுப்பின் தீயிலும்தான் இருக்கிறது.

முதலில் கையைப் பார்ப்போம். உப்பு போட்டுப் பிசையும்போது இறைச்சியில் இருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகும். உருண்டை உடையாமல் நிற்பதே அந்தப் பசையால்தான். ஆனால் மாவு பிசைவது போல அழுத்தி அழுத்திப் பிசைந்தால் பசை கூடிப்போய், வெந்ததும் உருண்டை இறுகிவிடும். விரல்களை அகட்டி வைத்துக்கொண்டு கிளறுங்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கையில் லேசாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். உருட்டும்போதும் உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு, மெல்ல உருட்டினால் போதும்.

சூப் லேசாக இருக்க வேண்டும் என்று கொழுப்பே இல்லாத கறியை வாங்குவது அடுத்த தவறு. அது வெந்ததும் மரத்தூள் மாதிரி வறண்டு போகும். பத்து முதல் பதினைந்து சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் உருண்டை மென்மையாக இருக்கும். உருகி மேலே மிதப்பதைப் பிறகு கரண்டியால் எடுத்துவிடலாம். ஒருவேளை கொழுப்பில்லாத கறிதான் கிடைத்தது என்றால், ஒரு துண்டு ரொட்டியைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து, கூழாக மசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறிய ரொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதம் இறுகுவதையும் தடுக்கும். காய்ந்த ரொட்டித்தூளை அப்படியே கொட்டினால் நேர்மாறாக, அது கறியின் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கிப் போட்டால் அந்த இடத்திலேயே உருண்டை பிளக்கும். துருவி, சாற்றைப் பிழிந்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. பிழிந்த சாறு வீணாக வேண்டாம், சூப்பில் ஊற்றிவிடலாம்.

உப்பு சரியா என்று பச்சைக் கறியை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஒரு சிறு துண்டைக் கிள்ளி, கொதிநீரில் தனியே வேகவைத்துத் தின்று பார்ப்பேன். இரண்டே நிமிட வேலைதான். உப்பு, மிளகு, பதம் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பில், அதாவது சுமார் 6 கிராமில், தொடங்கலாம்.

இனி தீ. எனக்குத் தெரிந்து அதிகமாகக் கெடுவது இங்கேதான். தளதளவென்று கொதிக்கும் நீரில் உருண்டைகளைப் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதி உடையும். கறியிலிருந்து வெளிவரும் புரதமும் கொழுப்பும் அந்தக் கொதியில் அடிபட்டு, பொடிப்பொடியாகச் சூப்பில் கலந்துவிடும். அதுதான் கலங்கல். அதற்குப் பிறகு எத்தனை தடவை வடிகட்டினாலும் பழைய தெளிவு வராது. தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறையுங்கள். மேற்பரப்பு நடுங்க வேண்டும், பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி எழ வேண்டும். அந்த நிலையில் உருண்டைகளைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் நீர் சட்டென்று ஆறிப்போகும். முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று, திரண்டு வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். மூடியை இறுக மூட வேண்டாம். உள்ளே சூடு ஏறி, தெரியாமலே கொதிக்கத் தொடங்கிவிடும்.

எண்ணெயில் வறுத்துப் போடுவதும் உண்டு. அதன் ருசி தனிதான், ஆனால் சூப்பின் நிறம் கருக்கும், எண்ணெயும் மிதக்கும். லேசான சூப்புக்கு அது வேண்டாம்.

மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள உருண்டைகள் எட்டு முதல் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அளவு ஒன்றுபோல இல்லையென்றால் சின்னது வறண்டுபோகும், பெரியது நடுவில் வேகாது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கொத்துக்கறி முழுசாக வேகும் முன்பே பழுப்பாகிவிடுவதுண்டு. வெப்பமானி இருந்தால் நடுப்பகுதியில் 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கறி என்றால் 74 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேரட் மாதிரி நேரம் பிடிக்கும் காய்களை உருண்டைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கீரை, கொத்தமல்லித் தழை கடைசி நிமிடத்தில். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான், இல்லையென்றால் அதன் வாசனை ஆவியோடு போய்விடும்.

மீதமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் தகடாகவே எடுத்துவிடலாம். அப்புறம் சிறு தீயில், உருண்டையின் நடு வரை ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள்.