பம்பிங் குறைந்த இதயத்தோடு உப்புக்காற்று ஊரில் இருப்பது எப்படி

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் தாளில் ‘இ.எஃப். 30’ என்று இருக்கும். “பம்பிங் முப்பதுதானாம்” என்ற பேச்சு அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் போய்விடும். கேட்பவர்கள் நூற்றுக்கு முப்பது மார்க் என்று நினைத்துக்கொண்டு துக்கம் விசாரிப்பது போல வந்து உட்காருவார்கள். நூறு யாருக்கும் கிடையாது. இதயத்தின் இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான். 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் பம்பிங் குறைவு. 50-க்கு மேல் இருந்தும் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதயத் தசை விறைத்துப்போய், உள்ளே ரத்தம் நிறைவதற்கே இடம் கொடுப்பதில்லை. இரண்டுமே இதயச் செயலிழப்புதான், ஆனால் மருந்து ஒன்றல்ல. அதனால் உங்கள் எண் என்ன என்பதைத் தெரிந்துகொண்டுதான் மற்ற எதையும் பேச வேண்டும்.

தளர்ந்த இதயம் ரத்தத்தைத் தள்ளாதபோது பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும். உடம்பில் தேங்கினால் கால் வீங்கும், வயிறு உப்பும், இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. இதற்கு நடுவே சிறுநீரகம் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறது. தனக்கு வரும் ரத்தம் குறைவதைப் பார்த்து, உடம்பில் நீரே குறைந்துவிட்டது என்று எண்ணி, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பைக் குறை, எடையைப் பார் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எடை மெஷினும் காலண்டரும்

வாங்க வேண்டிய முதல் பொருள் டிஜிட்டல் எடை மெஷின். பாயிலோ, மணல் தரையிலோ, மெத்தை விரிப்பிலோ வைத்தால் தப்பாகக் காட்டும். சிமெண்ட் தரையில் ஒரே இடத்தில் வைத்து, அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, டீ குடிப்பதற்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏறி நிற்க வேண்டும். வரும் எண்ணைச் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு எங்கேயோ போய்விடும். காலண்டர் என்றால் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீக்கம் வடிந்து, மூச்சிரைப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்த முதல் வாரத்து எடைதான் ‘வறண்ட எடை’. சிவப்பு மையில் அதைக் காலண்டரின் மேல் எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினாலோ, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, அது சாப்பிட்ட சதை அல்ல, நீர். கால் வீங்குவதற்குப் பல நாள் முன்பே மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் நீர் மாத்திரையை இரண்டு மூன்று நாள் கூட்டுவதோடு முடியும். ஒரு வாரம் தள்ளினால் ஆஸ்பத்திரியில் ஊசி மூலம்தான் நீரை இறக்க வேண்டியிருக்கும்.

கூடவே பார்க்க வேண்டியவை: கணுக்காலுக்கு மேல் எலும்பின்மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்தி எடுங்கள், குழி அப்படியே நின்றால் நீர் போட்டிருக்கிறது. ஒரு தலையணையில் படுத்தவருக்கு இரண்டு தேவைப்படுகிறதா, நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, படுத்தால் வறட்டு இருமல் வருகிறதா என்பதும் முக்கியம். இந்த இருமலைச் சளி என்று நினைத்து மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தே காலம் கடத்துகிறவர்கள் நிறைய.

உப்பு

நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும். தூள் உப்பில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய அவ்வளவுதான். பிஸ்கட், பிரெட், கடைப் பலகாரம் என்று தெரியாமல் உள்ளே போவதும் உண்டு என்பதால், முக்கால் தேக்கரண்டியைக் காலையிலேயே ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்து, நோயாளியின் பங்குக்கு அன்று முழுவதும் அதிலிருந்து மட்டும் போடுங்கள். கல்லுப்பை இப்படி அளக்க முடியாது, கல்லுக்குக் கல் அளவு மாறும். குழம்பை உப்பில்லாமல் கொதிக்கவிட்டு, அவருக்கு உரியதைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு உப்புப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. புளியும், மிளகும், நம்ம முண்டு மிளகாயும், இறக்கும்போது பிழியும் எலுமிச்சையும் நாக்கை ஓரளவு ஏமாற்றும். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு தானாகவே பழகிவிடும்.

இந்த ராமநாதபுரக் கரையில் பெரிய எதிரி கருவாடு. வெந்நீரில் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றினாலும் மேலே ஒட்டிய உப்புதான் போகும். சதைக்குள் இறங்கியது முழுதாகப் போகாது. ‘கொஞ்சூண்டு’ என்ற கணக்கே இதில் வேண்டாம், விட்டுவிடுங்கள். மாசிக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல் எல்லாம் அதே வரிசைதான். பழைய சோறு கெடுதல் இல்லை. அதில் போடும் உப்பும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும்தான் கெடுதல். பச்சை மீனுக்குத் தடையே இல்லை. சூடை, விளைமீன், பாறை, சீலா எது கிடைத்தாலும் குழம்பாகவோ அவித்தோ சாப்பிடலாம்.

இன்னொன்று தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்க மட்டும் குடத்தண்ணீர் வாங்கி, சோறு வடிக்கவும் குழம்புக்கும் உவர்த் தண்ணீரை விடுவது வழக்கம். நோயாளி இருக்கும் வீட்டில் சமையலுக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். உவர்த் தண்ணீரில் இருப்பதும் உப்புதான், அளந்து வைத்த டப்பாவின் கணக்கில் அது வராது.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று சொல்கிறார்கள். இந்துப்பும் சோடியம் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பாக்கெட்டில் வருவது இன்னும் ஆபத்து. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். இதய மருந்துகளில் சில ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை தினமும் வெட்டிக் குடிக்க வேண்டாம்.

எவ்வளவு குடிக்கலாம்

எல்லாருக்கும் நீர்க் கட்டுப்பாடு தேவையில்லை. நீர் அடிக்கடி தேங்குகிறவருக்கு டாக்டர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று வரையறுத்துச் சொல்வார். சொன்னால், டீ, கஞ்சி, ரசம், மோர், நீராகாரம், பதநீர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஒரு பாட்டிலில் அன்றைய அளவை நிரப்பி, டீ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிடுவது எளிய முறை. வாய் வறண்டால் ஐஸ் துண்டைச் சப்பலாம். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும், வயிற்றுப்போக்கு, வாந்தி வரும்போதும் இந்தக் கணக்கு தலைகீழாகும். எடை வறண்ட எடைக்கும் கீழே போய், எழுந்தால் தலை சுற்றினால், நீர் மாத்திரையையும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரையையும் (கீழே மாத்திரைப் பகுதியில் வருகிறது) தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

நோன்பு வைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே நடக்க வேண்டும். சமீபத்தில் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் நோன்பு வைப்பது ஆபத்து. நிலை சீராக இருப்பவருக்கு மாத்திரை நேரங்களை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கும் மாற்றித் தர டாக்டரால் முடியும். நோன்புக் கஞ்சி, சர்பத், வடை, சமோசா என்று ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் உப்பும் நீரும் உள்ளே போவதுதான் பகலில் பட்டினி கிடப்பதைவிடப் பெரிய தொல்லை.

மாத்திரைகள்: எது எதற்கு

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஃபுரோசமைடு, டார்செமைடு போன்ற நீர் மாத்திரை போட்டதும் சிறுநீர் போகும், மூச்சு லேசாகும், கண்ணுக்குத் தெரியும் பலன். அதனால் அதை மட்டும் விடாமல் போட்டு, ‘ஒன்றும் செய்யாத’ மற்றவற்றை நிறுத்திவிடுகிறார்கள். பம்பிங் குறைந்தவருக்கு ஆயுளை நீட்டிப்பது அந்த மற்றவைதான். நான்கு வகை: சாக்குபிட்ரில்–வால்சார்டன் (அல்லது எனலாப்ரில், ராமிப்ரில்); பிசோப்ரோலால், கார்விடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட்டில் ஒன்று; ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன்; டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. கடைசி வகையைச் சர்க்கரை மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்வார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் இதயத்துக்காகத் தருகிறார்கள். பம்பிங் 50-க்கு மேல் உள்ளவருக்கும் அது பலன் தரும். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம் என்பதால் கழுவி உலர வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சிறு அளவில் தொடங்கி ஏறும். பிசோப்ரோலால் 1.25 மி.கி.யில் ஆரம்பித்து, தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, 10 மி.கி. வரை போகும். முதல் சில வாரம் அசதி கூடுவது போலிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அதைவிட மோசமாகும். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினாலோ அளவு கூட்டினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. ராமிப்ரில், எனலாப்ரிலில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அதிலிருந்து சாக்குபிட்ரில்–வால்சார்டனுக்கு மாறும்போது நடுவில் 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம். இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கிவிடலாம். மேல் பிரஷர் 100-க்குப் பக்கம் நின்றாலும் தலைசுற்றல் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கிழக்குக் கரை விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்து அளவு ஏற்றும் வேலைக்கு இதைவிடத் தோதான காலம் வராது. வலை பின்னும் வேலையோடு இதையும் முடித்துவிடலாம்.

நீர் மாத்திரையைக் காலையில் போடுங்கள். இரண்டாவது வேளை இருந்தால் மாலை 4 மணிக்குள். இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடைதான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ இபுப்ரோஃபெனோ போடவே கூடாது. அவை உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும். வயிறு உப்பசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் சோடா உப்புப் பொடியிலும் சோடியம்தான். தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் உடம்பில் உப்பு தேங்கும்.

கடலும் நடையும்

சீராக இருப்பவர் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை கரையும். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் சரியானது. உதிர்மணலில் நடப்பது மேடேறுவது போல இழுக்கும், ஈரமணலிலோ ரோட்டிலோ நடங்கள். சங்கு குளிப்பதையும் பாசி எடுக்க மூழ்குவதையும் விட்டுவிட வேண்டும். கழுத்தளவு நீரில் நின்றாலே நீரின் அழுத்தம் கால், வயிற்று ரத்தத்தை நெஞ்சுக்குள் தள்ளும். நல்ல இதயம் அதைத் தாங்கும், தளர்ந்தது திணறும்.

அடுத்த கட்டச் சிகிச்சைகள்

முதலில் காரணத்தைத் தேட வேண்டும். ரத்தக் குழாய் அடைப்பா என்று ஆஞ்சியோவில் தெரியும். ஸ்டென்ட் அல்லது பைபாஸ். வால்வு சுருக்கமோ கசிவோ என்றால் பலூன் அல்லது ஆபரேஷன். சாராயத்தால் தளர்ந்த இதயம் குடியை நிறுத்தினாலே ஓரளவு தேறுவது உண்டு. ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்தை முழு அளவில் 3 மாதம் சாப்பிட்ட பிறகும் பம்பிங் 35-ஐத் தாண்டவில்லை என்றால் ‘மிஷின் வைக்கிற’ பேச்சு வரும். மிஷின் இரண்டு வகை. ஐ.சி.டி. பம்பிங்கைக் கூட்டாது, துடிப்பு உயிர்போகும் அளவுக்குத் தாறுமாறானால் ஷாக் கொடுத்து மீட்கும் காவல்காரன் அது. சி.ஆர்.டி. இதயத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்கவைப்பது, இ.சி.ஜி.யில் மின்னோட்டம் தாமதமாகப் போகிறவருக்குத்தான் பலன். எனவே “எனக்கு எது, ஏன், இன்னும் மருந்து ஏற்ற இடம் இருக்கிறதா” என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஐ.சி.டி. வைத்தவர் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது, போட் வெல்டிங் பக்கமும் நிற்கக் கூடாது. இவற்றுக்கும் அப்பால் இருப்பது இதய மாற்று. தமிழ்நாட்டில் அதற்கு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். வயது முதிர்ந்து, ஆபரேஷன் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது சிகிச்சையைக் கைவிடுவதல்ல. மூச்சிரைப்பையும் வலியையும் குறைக்கும் மருத்துவம் தனியே இருக்கிறது, அதையும் கேட்டு வாங்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். மாத்திரைகளை மூலப்பெயர் எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்தில் விலை கேட்டுப் பாருங்கள். நிறையவே வித்தியாசம் இருக்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் 15 நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். புயல் சின்னம் என்றால் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, இளஞ்சிவப்பு நுரை வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் 108. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்; வண்டியில் ஆக்சிஜன் உண்டு, பைக்கில் இல்லை. படுக்கவைக்காமல், கட்டில் ஓரத்தில் கால் தொங்க நிமிர்ந்து உட்காரவையுங்கள். தொங்கும் காலில் ரத்தம் தங்கி நுரையீரலின் சுமை கொஞ்சம் குறையும். சோடா, சுக்குத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வண்டி வரும்முன் மாத்திரைப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து காலண்டரையும் கழற்றிக்கொள்ளுங்கள், கடந்த பத்து நாளில் எத்தனை கிலோ ஏறியது என்பதுதான் அங்கே டாக்டர் முதலில் கேட்கப்போகும் கேள்வி.