அல்வா உறையில் உள்ள சேர்மானங்களைத் திரவ வண்ணப்பிரிகையில் அளக்கும் முறை

திருநெல்வேலியில் அல்வாவைக் கட்டித் தரும் பாலிஎத்திலீன் உறையில், நெகிழி சூட்டிலும் ஆக்சிஜனிலும் கெடாதிருக்க இர்கனாக்ஸ் 1010, இர்காஃபாஸ் 168 போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்ப்பதுண்டு. கொழுப்பில் கரையும் இவை நெய்க்குள் கசியக்கூடியவை என்பதால், உறையில் அவை எவ்வளவு உள்ளன என்று அறிவது பயனுள்ளது. கரைசலை ஒரு பிரிகைக் குழாய் வழியே ஓட்டி, ஒவ்வொரு சேர்மானமும் தனித்தனி நேரத்தில் வெளிவருவதை வரைபடத்தில் முகடுகளாகப் பார்ப்பதே திரவ வண்ணப்பிரிகை.

நெய் படாத புதிய உறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 1 கிராம் நிறுத்து, கண்ணாடிக் குடுவையில் 20 மில்லி டொலுவீனுடன், ஆவி திரும்ப வடியும் குளிர்விப்பான் பொருத்தி, புகைபோக்கிக் கூண்டுக்குள் மின்னடுப்பில் கொதிக்க விடுங்கள்; திறந்த சுடர் கூடவே கூடாது. துண்டுகள் முழுதும் கரைந்தபின், அடுப்பை அணைத்து, மெத்தனாலின் கொதிநிலைக்கு (சுமார் 65 டிகிரி செல்சியஸ்) கீழே ஆறவிட்டு, குளிர்ந்த மெத்தனாலைக் கலக்கிக்கொண்டே அதில் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், பாலிமர் அவல் போல் வெண்மையாகப் பிரிந்து நிற்கும். நமக்கு வேண்டியவை தெளிந்த திரவத்தில் தங்கும். அதை வடித்து, கரைப்பானை ஆவியாக்கி, அசிட்டோநைட்ரைலில் 25 மில்லியாக்குங்கள். டொலுவீன் எஞ்சினால் புற ஊதா ஒளியை உறிஞ்சித் தானே ஒரு முகடாக எழும். மெழுகு மிதந்தால் குளிரவைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள்.

சி-18 என்னும் வகைப் பிரிகைக் குழாயில், நீரில் கலந்த 60 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நூறுக்கு உயர்த்தி, கடைசி முகடு வரும்வரை அங்கேயே நிறுத்துங்கள். 275 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கலாம். குழாயை 40 டிகிரி அடுப்பில் வைப்பது அவசியம். நம் சித்திரை வெயிலில் காலையில் வந்த முகடு மத்தியானம் அதே நேரத்தில் வராது. இர்காஃபாஸ் 168 எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து இரண்டாவது முகடாகவும் தோன்றும் என்பதால், இரண்டுக்கும் அளவு தெரிந்த தரக்கரைசல் தேவை. சாறெடுத்த அன்றே ஓட்டிவிட வேண்டும்.

உறையில்லாமல் இதே வேலையை முழுதும் செய்யும் வெற்றுச் சோதனையைப் பலர் தவிர்க்கிறார்கள். ஒருமுறை என் மாதிரிகள் அனைத்திலும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பி வந்துகொண்டேயிருந்தது. பாத்திரம் அலசிய டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பானில், அது கெடாதிருக்க அதையே சேர்த்திருந்தார்கள் என்பதை வெற்றுச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

கரைசலில் மில்லிக்கு 20 மைக்ரோகிராம் என்று வந்தால், 25 மில்லியில் 500 மைக்ரோகிராம். ஒரு கிராம் உறைக்கு அது 0.05 விழுக்காடு. வடிதாளில் தங்கிய வெண்பொருளை மறுபடி கரைத்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் கணிசமான முகடு எழுந்தால், முதல் சாறெடுப்பு முழுமையாகவில்லை.