வைட்டமின் டி: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

மருந்துக் கடையில் வைட்டமின் டி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: டாக்டர் வாரத்துக்கு ஒன்று சொன்னாரா, தினமுமா? அதிகம் எழுதப்படுவது 60,000 யூனிட் கேப்ஸ்யூல். வழக்கமாக வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், அப்புறம் டாக்டர் சொன்னால் மாதம் ஒன்று. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. தினமும் ஒரு 60,000 போட்டால் அதைப் போல் 15 மடங்கு! அதனால் அட்டையின் பின்பக்கம் பேனாவால் கிழமையை எழுதிக் கொடுப்பேன். ஞாயிறு என்றால் ஞாயிறு. மறந்துவிட்டால் ஞாபகம் வந்த நாளில் ஒன்று போடுங்கள். இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

இது கொழுப்பில் கரையும் சத்து. வெறும் வயிற்றில் காபியோடு விழுங்குவதைவிட, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். பொடி பாக்கெட் என்றால் பாலில் கலக்கலாம்.

வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே டி3, அதாவது வைட்டமின் டி, இருக்கும். பிரஷர் மாத்திரையின் பெயர் 'எச்' என்று முடிந்தால், அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். அது கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும். வைட்டமின் டி-யும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அளவு மீறினால் பசி குறையும், குமட்டும், மலச்சிக்கல் வரும், தாகமும் சிறுநீரும் கூடும், சிலருக்குக் குழப்பம்கூட வரும். உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார். கொழுப்பில் தங்குவதால், நிறுத்தினாலும் சத்து இறங்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கோர்ஸ் முடிந்தபின் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை கேட்பவர்களை நான் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான். கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். வழக்கமான அளவு தினம் 400 யூனிட். ஆனால் சில பாட்டிலில் ஒரு மில்லியில் 400, சிலவற்றில் 800. பாட்டிலை மாற்றினால் லேபிளை மறுபடி படியுங்கள். பழைய டிராப்பரைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.